மின்கசிவு என்று எழுதிவிடுவார்கள்: கடை, ஹோட்டல், அலுவலகத்துக்கு மின் சோதனை செய்வது எப்படி?

ஒரு கடை தீப்பிடித்தால் மறுநாள் பேப்பரில் வருவது ஒரே வரிதான்: மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. இருபது வருஷத்துக்கு மேல் மதுரையில் கடை, ஹோட்டல், மண்டபம் என்று வயரிங் வேலை பார்க்கிறேன். கருகிய போர்டுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் கசிவும் இல்லை, ஷார்ட்டும் இல்லை. எங்கோ ஒரு ஸ்க்ரூ லூஸாக இருந்திருக்கும்.

ஷார்ட் ஆனால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கும் ஸ்விட்ச்) கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எர்த்துக்குக் கசிந்தால் ஆர்சிசிபி (கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் கருவி) விழும். லூஸ் கனெக்‌ஷனுக்கு இரண்டுமே விழாது. ஒரு ஏசி லைனில் 20 ஆம்பியர் ஓடுகிறது, ஸ்க்ரூ லூஸான இடத்தில் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2 வோல்ட் குறையும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் 40 வாட் சூடு உட்கார்ந்திருக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகி, தினம் பத்து மணி நேரம் ஓடவிட்டால் என்ன ஆகும்? எம்சிபியைப் பொறுத்தவரை 20 ஆம்பியர் சரியான கரண்ட். அது ஏன் விழப்போகிறது?

1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் அன்று காலையிலேயே ஒருமுறை தீப்பிடித்து, ரிப்பேர் பார்த்திருந்தார்கள். கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கைக் கிரிம்பிங் மெஷினில் அழுத்தாமல் சுத்தியலால் தட்டி மாட்டியது வழக்கில் வெளிவந்தது. பிற்பகல் காட்சியின்போது அந்தக் கேபிள் கழன்று பொறி பறந்தது. எல்லாம் ஒரு லக் பிடிக்காததில் தொடங்கியது.

ஆக, கருவி வாங்கி மாட்டுவது ஒரு பக்கம். கருவிக்குத் தெரியாததை மனிதன் போய்ப் பார்ப்பது இன்னொரு பக்கம். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

எப்போது செய்வது?

வருஷத்துக்கு ஒரு முழுச் சோதனை போதும், ஒழுங்காகச் செய்தால். அதற்கு ஆயுதபூஜையை ஒட்டிய நாட்களைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். அன்றைக்கு எப்படியும் மெஷினை நிறுத்தித் துடைத்து, மீட்டர் போர்டு வரை சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின நாள் மெயினை இறக்கிப் போர்டைத் திறந்து பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருவதால் எர்த், வெளிப் போர்டு எல்லாம் மழைக்குள் சரியாகிவிடும். (போர்டை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பொட்டை மூடியின் மேல் வைத்தால் போதும், உள்ளே வேண்டாம்.)

இதைத் தவிர மார்ச்சில் ஒரு அரை நாள். ஏசி லோடு ஏறும் முன் அந்த லைன்களையும் எர்த் அளவையும் மட்டும் பார்க்க.

சட்டப்படி என்ன என்று கேட்பவர்களுக்கு: மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகள், ஐந்து வருஷத்துக்கு மிகாத இடைவெளியில் சோதனை நடக்க வேண்டும் என்றன. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன. அந்த ஐந்து வருஷம் என்பது உச்ச வரம்பு. எண்ணெய்ப் புகையும் ஆவியும் நாள் முழுக்க ஏறும் ஹோட்டல் கிச்சனுக்கு ஐந்து வருஷம் என்பது ஒரு ஆயுள்.

யாரைக் கூப்பிடுவது?

ஃபேன் மாட்டத் தெரிந்த எல்லாரும் சோதனை செய்யத் தெரிந்தவர்கள் அல்ல. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கான்ட்ராக்டர் லைசென்ஸ் உள்ளவர், அவரிடம் சூப்பர்வைசர் சான்றிதழ் உள்ள ஆள், கூட ஒரு வயர்மேன். கையில் மெக்கர் (வயரின் தோலைச் சோதிப்பது), கிளாம்ப் மீட்டர் (வயரைக் கழற்றாமல் கரண்டை அளப்பது), எர்த் டெஸ்டர், டெம்பரேச்சர் கன் இருக்கிறதா என்று கேளுங்கள். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் மட்டும் கொண்டு வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே" என்று சொல்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

முதலாளியாக நீங்கள் செய்யக்கூடியது பார்ப்பது, முகர்வது, மூடியின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது. மூடியைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை.

முதல் வருகை: கூட்ட நேரத்தில், லோடு ஓடும்போது

பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கடை மூடிய ஞாயிற்றுக்கிழமை வந்து சோதனை செய்தால் எல்லாம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். லூஸ் கனெக்‌ஷன் சூடாக வேண்டுமென்றால் கரண்ட் ஓட வேண்டும். ஜவுளிக்கடை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. ஹோட்டல் என்றால் காலை எட்டரை. கிரைண்டர், பாய்லர், ஃப்ரீஸர் எல்லாம் சேர்ந்து ஓடும் நேரம். அப்போது மெயினிலும் ஒவ்வொரு டிபியிலும் (லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் போர்டு) மூன்று பேஸ், நியூட்ரல் கரண்டைக் கிளாம்ப் மீட்டரில் எடுத்து எழுத வேண்டும். ஒரு பேஸில் 38, இன்னொன்றில் 9 என்று வந்தால் லோடைப் பிரித்துப் போட்டது சரியில்லை.

அப்புறம் டெம்பரேச்சர் கன். ஒவ்வொரு எம்சிபியின் மேல் முனை, கீழ் முனை, நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை), மெயின் ஸ்விட்ச், சேஞ்ச்ஓவர் (இ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் ஸ்விட்ச்). பளபளப்பான காப்பர் மீது கன்னைக் காட்டினால் சூட்டைக் குறைத்துக் காட்டிப் பொய் சொல்லும். வயரின் பிளாஸ்டிக் தோலிலோ, கருப்பு டேப் சுற்றிய இடத்திலோ காட்ட வேண்டும். இத்தனை டிகிரிக்கு மேல் ஆபத்து என்று ஒரு எண்ணைச் சொல்வதைவிட, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுவது நல்லது. ஒரே லோடு ஓடும் மூன்று முனைகளில் இரண்டு 42, ஒன்று 67 என்றால் மூன்றாவதைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரில் வட்டம் போடுங்கள்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். சூடான பேக்கலைட்டுக்கும் பிவிசிக்கும் அழுகிய மீன் மாதிரி ஒரு வாடை உண்டு. ஒரு மளிகைக் கடையில் அண்ணாச்சி, "எலி செத்துக் கெடக்குன்னு நெனச்சேன் தம்பி, மூணு நாளாத் தேடுறோம்" என்றார். வாடை வந்தது ஃப்ரீஸர் செருகியிருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து. பிளக்கைப் பிடுங்கியபோது சாக்கெட்டின் பாதி பிளக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வருகை: கரண்டை இறக்கிவிட்டு

அந்தக் காலத்து வயர்மேன்கள் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறுவார்கள். வேறு யாரும் வந்து போட்டுவிட முடியாது. இப்போது எம்சிபிதான், அதற்குப் பூட்டு இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர், யுபிஎஸ், ஜெனரேட்டர், மாடியில் சோலார் ஆகியவற்றையும் தனித்தனியே நிறுத்த வேண்டும். மெயினை இறக்கியும் லைட் எரிகிற கடைகள் இன்று நிறைய. டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். இன்னும் அதைவிட நல்ல பழக்கம் வரவில்லை.

இனி போர்டைத் திறக்கலாம்.

முதலில் ஸ்க்ரூ. சிவப்பு வட்டம் போட்டவை மட்டும் இல்லை, எல்லாமும். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிடும் வயர் ஒரு போர்டுக்கு ஒன்றாவது இருக்கும். இந்த இடத்தில் மூன்று பாவங்களைத் தேடுங்கள். ஒன்று, வயர் ஓட்டைக்குள் நுழையவில்லை என்று ஏழு இழையில் மூன்றை வெட்டிவிட்டுச் செருகியிருப்பது. இரண்டு, ஒரே எம்சிபி முனையில் இரண்டு, மூன்று வயரைத் திணித்திருப்பது. மூன்று, வெளியிலிருந்து வரும் அலுமினியம் கேபிளை லக் இல்லாமல் நேரே பித்தளை முனையில் மாட்டியிருப்பது. அலுமினியம் சூட்டிலும் குளிரிலும் மெல்ல நசுங்கி விலகும். போன வருஷம் டைட் செய்தது இந்த வருஷம் லூஸாகியிருக்கும். இரண்டு உலோகமும் சேரும் இடத்துக்கென்றே பைமெட்டல் லக் விற்கிறது. கறுத்துப்போன முனையை டைட் செய்து விட்டுவிடாதீர்கள். வயரை வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை உரித்து, எம்சிபியையும் மாற்றுங்கள்.

மூன்று பேஸ் சப்ளை உள்ள கடையில் நியூட்ரல் லிங்க்தான் மிக முக்கியமான ஸ்க்ரூ. பேஸ் விட்டுப்போனால் பெரும்பாலும் லைட் அணைவதோடு சரி. நியூட்ரல் விட்டுப்போனால் குறைந்த லோடு உள்ள பேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 300, 350 என்று ஏறும். பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, எல்இடி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது, இ.பி.யில் ஹை வோல்டேஜ் விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதற்கு முன், சொந்த போர்டில் நியூட்ரலைப் பாருங்கள்.

அடுத்து, வயருக்கு ஏற்ற எம்சிபிதானா? எம்சிபி காப்பாற்றுவது வயரை, மெஷினை அல்ல. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32 மாட்டியிருப்பார்கள், உள்ளே ஓடுவது ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயராக இருக்கும். பழைய கட்டிடம் என்றால் மூணு இருபது, ஏழு இருபது என்று கேஜ் கணக்கில் போட்ட வயர்கள் இன்னும் சுவருக்குள் இருக்கலாம். லைட்டுக்கு ஒன்றரை, பவர் பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கு நாலு என்பது பொதுவான வழக்கம். தூரம் அதிகமென்றால் அதையும் கூட்ட வேண்டும். விழுகிற எம்சிபி எதையோ சொல்கிறது. அதன் வாயை அடைக்காதீர்கள்.

மெக்கர் டெஸ்ட்: வயரின் தோல் எப்படி இருக்கிறது என்று சுவரை உடைக்காமல் பார்க்கும் வழி இதுதான். 500 வோல்ட் டிசி கொடுத்து, ஒரு நிமிடம், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும் என்பது விதி. அதற்கு முன் கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றுக்குள் 500 வோல்ட் போய்விடும். நல்ல வயர் நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டும். போன வருஷம் 80, இந்த வருஷம் 6 என்றால் விதிப்படி பாஸ்தான். ஆனால் நான் அதை பாஸ் என்று எழுதமாட்டேன்.

எர்த்தும் ஆர்சிசிபியும்

இது ஆளைக் காப்பாற்றும் பகுதி, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"எர்த் போட்டிருக்கே, ஷாக் அடிச்சா எம்சிபி விழுந்துடும்ல?" பெரும்பாலும் விழாது, உடனே விழாது. உங்கள் எர்த் பிட்டின் (எர்த் பைப் புதைத்த குழி) ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், நல்ல எர்த்தான். கிரைண்டர் உடம்பில் பேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுக்க, அதிகபட்சம் 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் சி-டைப் எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் குறைந்தது 80 ஆம்பியராவது வேண்டும். 46-க்கு அது சூடேறித்தான் விழும்; சில வினாடிகளும் ஆகலாம், ஒரு நிமிடம் வரையும் ஆகலாம். அதுவரை கிரைண்டர் உடம்பில் கரண்ட் இருக்கும், அதில் மாவு தள்ளுபவர் ஈரக் கையோடு நிற்பார்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் இந்தக் கதையே வேறு. 0.03 ஆம்பியர் வழி மாறிப் போனாலே 0.3 வினாடிக்குள் விழ வேண்டும் என்பது அதன் தரம். பெரிய கசிவுக்கு இன்னும் வேகமாக. அதன் மேல் டி என்று எழுதிய பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். இதைக் கடைப் பையனே செய்யலாம், கடை திறக்கும்போது, கம்ப்யூட்டர் போடும் முன். அழுத்தியும் விழாத ஆர்சிசிபி வெறும் பெட்டி. ஆனால் பட்டன் சோதிப்பது கருவியை மட்டுமே. எர்த் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைத் தனியாக அளக்க வேண்டும்.

ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். நான் சோதிக்கப் போகும் கடைகளில் ஆர்சிசிபி போர்டில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும், அதற்கு மேலும் கீழும் ஒரு வயரைப் போட்டு இணைத்திருப்பார்கள். "அடிக்கடி ட்ரிப் ஆச்சு சார், அதான் டைரக்ட் பண்ணிட்டோம்." பல நேரம் காரணம் அற்பமானது: இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் எங்கோ ஒரு ஸ்விட்ச் பாக்ஸில் கலந்திருக்கும், அல்லது நியூட்ரல் எர்த்தோடு தொட்டுக்கொண்டிருக்கும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக ஏற்றி எது வீழ்த்துகிறது என்று பாருங்கள். சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும்; அவை எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், நியூட்ரல்களை லிங்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும். இரண்டு மணி நேர வேலை. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் ஒரு உயிருக்கான காப்பை டைரக்ட் பண்ணுகிறார்கள்.

எர்த் பிட்டைப் பொறுத்தவரை மூடியைத் திறந்து, ஜிஐ பைப்பில் பட்டை மாட்டிய போல்ட் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிட்டின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்ட கடைகளும் உண்டு. அளவைக் கோடையின் உச்சியில் எடுத்தால்தான் உண்மை தெரியும். மழைக்குப் பின் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தே. அதனால் எர்த் அளவை மட்டும் மார்ச் வருகையிலோ மே மாதத்திலோ வைத்துக்கொள்கிறேன்.

பிட் சரியாக இருந்தும் மெஷின் வரை எர்த் வராமல் போவதுதான் அதிகம். ஒரு மெஸ்ஸில் கிரைண்டர் லேசாகச் சுள்ளென்கிறது என்று மாஸ்டர் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நின்று ஆறு மாதம் மாவாட்டியிருந்தார். பிளக்கைத் திறந்தேன். பச்சை வயர் பின்னிலிருந்து அறுந்து, டேப் சுற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது அதுதான் முதலில் தொட வேண்டும், கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அதை ஒடித்துவிட்டுச் செருகிய பிளக்குகளை எல்லாம் எண்ணி, மாற்றிவிட்டுத்தான் சோதனையை முடிக்க வேண்டும்.

வெளியே பார்க்க வேண்டியவை

ரோலிங் ஷட்டர். பெயர்ப் பலகைக்குப் போகும் வயர் ஷட்டர் பெட்டிக்கு மேலேதான் போகும். தினம் இரண்டு தடவை ஏறி இறங்கும் தகடு அதை உரசிக்கொண்டே இருந்து ஒரு மழை நாளில் ஷட்டர் முழுக்கக் கரண்ட் வரும். காலையில் வெறுங்காலோடு கோலம் போட்டுவிட்டு ஷட்டரைத் தூக்குபவருக்குத்தான் அது முதலில் தெரியும். அந்த வயர் பைப்புக்குள் போகிறதா, போர்டின் இரும்புச் சட்டத்துக்கும் ஷட்டருக்கும் எர்த் இருக்கிறதா, அந்த லைனும் ஆர்சிசிபிக்குக் கீழ்தான் வருகிறதா என்று பாருங்கள்.

ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக இருக்க வேண்டும். சேஞ்ச்ஓவர் இல்லாமல் பிளக் மூலம் ஜெனரேட்டரை வீட்டு லைனில் செருகுவது, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்வதற்குச் சமம்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: பைப் இல்லாமல் கிடக்கும் வயர், முறுக்கி டேப் ஒட்டிய ஜாயின்ட், எலிப் புழுக்கை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போகிறதா என்று மேஜைகளுக்கு அடியில் பாருங்கள். மெயின் போர்டுக்கு அடியில் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால் அன்றே அகற்றுங்கள். பக்கத்தில் தொங்கும் தீயணைப்பான் கார்பன் டை ஆக்ஸைடு அல்லது ஏபிசி பவுடர் வகையா, ரீஃபில் தேதி தாண்டவில்லையா என்று ஒரு பார்வை.

என்ன எழுதி வைப்பது?

நூறு பக்கக் கணக்கு நோட்டு ஒன்று போதும். தேதி, பார்த்தவர் பெயர், லைசென்ஸ் எண். கீழே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எம்சிபி அளவு, வயர் அளவு, கூட்ட நேரக் கரண்ட், முனைச் சூடு, மெக்கர் அளவு. எர்த் பிட்டின் ஓம். ஆர்சிசிபி எத்தனை மில்லி வினாடியில் விழுந்தது. எது உடனே, எது ஒரு வாரத்தில், எது பணம் வந்ததும். உடனே என்பதில் ஷாக் அடிக்கும் எதுவும், கறுத்த முனை எதுவும் வந்தாக வேண்டும், பேரம் இல்லை. டிபி மூடியின் உள்பக்கம் எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். தீப்பிடிக்கும் நேரத்தில் கடைப் பையன் படிக்க வேண்டியது அது. மெயின் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று ஒவ்வொரு ஆளிடமும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். மீட்டருக்கு முந்தைய பகுதியில் பழுது என்றால் நீங்கள் தொடக்கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் செய்துவிட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். மின்சாரத்தால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் மின் ஆய்வாளருக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். அப்போதும் இந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரு பேக்கரியின் நோட்டில் ஃப்ரீஸர் லைன் மெக்கர் அளவு மூன்று வருஷம் இப்படி இருந்தது: 120, 95, 7. எம்சிபி விழவில்லை, ஷாக் இல்லை, ஃப்ரீஸரும் நன்றாக ஓடியது. முதலாளிக்குச் செலவு செய்ய மனமில்லை, நோட்டைக் காட்டியதும் சம்மதித்தார். பைப்பிலிருந்து பழைய வயரை உருவினோம். சுவர் ஓட்டை வழியாக எலி வந்துபோகும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தோலே இல்லை. பேஸும் எர்த்தும் ஒரு நூல் இடைவெளியில் நின்றன. சரியாக அதற்குக் கீழேதான் கேக் பெட்டி அட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள்.